மூளைக் கணக்கு: 36 மாணவர், 6 நோயாளி, 1 செத்த மீன்

மனித மூளையில் எத்தனை நியூரான் என்று கேட்டால், பத்தாயிரம் கோடி என்று பாடப்புத்தகங்கள் பல்லாண்டு காலம் சொல்லிவந்தன. எண்ணியது யார் என்று பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் விசாரித்துப் பார்த்தார். ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் தானே எண்ண உட்கார்ந்தார். மூளையைச் சோப்புத்தன்மையுள்ள கரைசலில் போட்டு அரைத்தால் செல்களின் சவ்வு கரைந்துபோகும், உட்கருக்கள் மட்டும் மிதக்கும். ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு. நன்றாகக் கலக்கி, சாயம் ஏற்றி, ஒரு துளியில் இருப்பதை எண்ணிப் பெருக்கினால் மொத்தம் கிடைத்துவிடும். மூளை ரசம் என்றே சொல்லலாம்.

2009-ல் விடை வெளியானது: 8,610 கோடி, கூடவோ குறையவோ 810 கோடி. பழைய எண்ணோடு ஒப்பிட்டால் சுமார் 1,400 கோடி நியூரான் காணவில்லை. பபூன் குரங்கின் மூளை முழுவதிலுமே 1,100 கோடிதான். பூஜ்யங்கள் அழகாக விழவேண்டும் என்பதற்காக நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு குரங்கைச் சும்மா உட்கார வைத்திருந்தோம்.

சரி, இந்த 8,610 கோடி எத்தனை மூளைகளின் மேல் நிற்கிறது? நான்கே நான்கு. 50, 51, 54, 71 வயதில் இறந்த நான்கு ஆண்களுடையவை. ஆய்வறிக்கையிலேயே அதை எழுதிவிட்டார்கள். மூளை பற்றி ஊர் நம்பும் எண்கள் பலவற்றை இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எண் எவ்வளவு பெரியது, எத்தனை தலைகளின் மேல் நிற்கிறது, அதில் வரும்படி எவ்வளவு?

முதலில் மூளையின் சொந்தச் செலவைப் பார்த்துவிடுவோம். உடம்பின் எடையில் 2 சதவீதம். உடம்பு எரிக்கும் சக்தியில் 20 சதவீதம். மின்சாரமாகச் சொன்னால் சுமார் 20 வாட். நாள் முழுக்க எரிந்தால் 0.48 யூனிட், 60 நாளுக்கு 28.8 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் ஒரு வீட்டில் மூன்று மூளை வரை (86.4 யூனிட்) அரசு செலவிலேயே ஓட்டிவிடலாம். நான்காவது மூளைக்குத்தான் பில் வரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அதிக சக்தி வேண்டும் என்று டப்பா டப்பாவாகப் பானப் பொடி விற்கிறார்களே, தீவிரமாக யோசிக்கும்போது மூளையின் செலவு கூடுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு வாட்டைத் தாண்டாது. சும்மா கிடக்கிற மூளைக்கும் முழுச் சம்பளம் உண்டு.

அந்தச் சம்பளப் பட்டியலைப் பார்த்தவர் யாரும் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற கதையை நம்பமாட்டார். 1936-ல் வந்த டேல் கார்னகியின் புகழ்பெற்ற சுயமுன்னேற்றப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய லோவெல் தாமஸ், உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சொன்னதாக அந்தப் பத்து சதவீதத்தைப் போட்டார். ஜேம்ஸ் பேசியது மனிதர்கள் தங்கள் திறமையை முழுதாக வளர்த்துக்கொள்வதில்லை என்பதைப் பற்றி. சதவீதம் எதுவும் அவர் சொல்லவில்லை. நிற்கும் தலைகள்: 0. வரும்படி: 2014-ல் வந்த லூசி படம் மட்டுமே 4 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 46 கோடி டாலர் அள்ளியது.

மூளையின் எடைக்கும் புத்திக்கும் முடிச்சுப் போட்டவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நிறையப் பேர். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,012 கிராம் என்றதும் மகிழ்ந்தார்கள். நோபல் பரிசு வாங்கிய அனதோல் பிரான்ஸின் மூளை 1,017 கிராம்தான் என்று பின்னால் தெரிந்தது. இருவரில் யார் பெரிய எழுத்தாளர் என்று தராசை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் துர்கனேவ் இரண்டு மடங்கு பெரியவர். யானையின் மூளையில் 25,700 கோடி நியூரான், நம்மைப் போல் மூன்று மடங்கு. ஆனால் அதில் 98 சதவீதம் சிறுமூளையில் இருக்கிறது.

ஐன்ஸ்டைனுடையது 1,230 கிராம், சராசரிக்குச் சற்றுக் குறைவு. 1955 ஏப்ரல் 18 அன்று பிரின்ஸ்டனில் பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் ஹார்வி அதை எடுத்து வைத்துக்கொண்டு, 240 துண்டாக்கி, ஜாடியில் போட்டு ஊர் ஊராகச் சுமந்தார். முப்பது வருடம் கழித்து, 1985-ல், மரியன் டயமண்ட் நான்கு துண்டுகளை வாங்கி, வேறு 11 ஆண்களின் மூளையோடு ஒப்பிட்டார். நியூரானுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களின் விகிதம் ஒரே ஒரு துண்டில் மட்டும் கணிசமாக அதிகம். மேதைமையின் இருப்பிடம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. ஒரு மேதை, நாலு துண்டு, அதில் ஒன்று.

இதைவிட மெலிந்த அஸ்திவாரம் ஆன்மாவின் எடைக்கு உண்டு. அமெரிக்காவின் ஹேவர்ஹில் ஊர் டாக்டர் டங்கன் மெக்டூகல், சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, உயிர் பிரியும்போது முள் அசைகிறதா என்று பார்த்தார். 1907-ல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார்: ஒருவருக்குத் தராசு சரியாகப் பொருத்தப்படவில்லை, இன்னொருவர் கட்டிலில் ஏற்றிய சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்தார். மீதி நால்வரில் முதல் ஆள் ஒருவர்தான் முக்கால் அவுன்ஸ், அதாவது 21 கிராம், சட்டென்று இழந்தவர். மற்ற மூவருக்கும் வேறு வேறு எடை, வேறு வேறு நேரம். இருவருக்கு முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று தவணையில் போயிற்று. தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய எடையே 5.6 கிராம்.

மெக்டூகல் 15 நாய்களையும் நிறுத்துப் பார்த்தார். அவற்றுக்கு எடை குறையவில்லை. ஆகவே நாய்க்கு ஆன்மா இல்லை என்று கொண்டார். மூச்சு நின்றதும் நுரையீரலில் ரத்தம் குளிர்வது நிற்கிறது, உடம்பு சூடேறி வியர்க்கிறது, நாய்க்கு மனிதரைப் போல் வியர்வை இல்லை என்று அகஸ்டஸ் கிளார்க் என்ற மருத்துவர் அந்த ஆண்டே மறுத்து எழுதினார். வியர்வைக்கு யாரும் படம் எடுக்கவில்லை. 21 கிராமுக்கு 2003-ல் ஹாலிவுட் படமே வந்தது. நிற்கும் தலை: 1.

மொசார்ட் கணக்கில் தலைகள் கூடுதல்: 36. கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் போட்டார்கள். பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கேள்விகளுக்கு, அமைதியாக உட்கார்ந்திருந்த நேரத்தைவிட 8, 9 புள்ளி கூடுதலாக எடுத்தார்கள். பலன் 10 முதல் 15 நிமிடத்தில் கரைந்துவிட்டது. 1993-ல் நேச்சர் இதழில் வந்த சின்னக் குறிப்பு இவ்வளவுதான். ஆராய்ச்சியில் குழந்தை என்று ஒன்றுகூட இல்லை.

ஐந்தே வருடத்தில், 1998-ல், ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர் பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். ஆண்டுக்குப் பிறக்கும் சுமார் 1 லட்சம் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு இசைத்தட்டு! தலைக்கு ஒரு டாலர் ஐந்து சென்ட். அறிவு இத்தனை மலிவாக எந்த அரசுக்கும் கிடைத்ததில்லை. மறுவருடம் கிறிஸ்டோபர் சப்ரிஸ் 16 ஆய்வுகள், 714 பேர் என்று சேர்த்துப் பார்த்தபோது 9 புள்ளி 1.4 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. 2010-ல் சுமார் 40 ஆய்வுகள், 3,000-க்கும் மேற்பட்டோர் என்று திரட்டி மிச்சத்தையும் துடைத்துவிட்டது வியன்னா பல்கலைக்கழகம். மொசார்ட் வாழ்ந்து மறைந்த அதே வியன்னா.

செத்த மீன் கதைக்கு வருவோம். கிரெய்க் பென்னெட் என்ற ஆய்வாளர் கடையில் வாங்கிய சால்மன் மீனை மூளை ஸ்கேன் கருவிக்குள் வைத்தார். நீளம் 18 அங்குலம், எடை 3.8 பவுண்டு, உயிரோடு இல்லை என்று அறிக்கையில் முறையாகப் பதிவு செய்தார். மனிதர்கள் கூடிப் பழகும் 15 புகைப்படங்களை மீனுக்குக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார். ஸ்கேன் பிரித்துப் பார்த்த 8,064 சிறு கட்டங்களில் 16 கட்டங்கள் ஒளிர்ந்தன.

மீன் யோசித்ததா? ஆயிரத்துக்கு ஒன்று தற்செயலாகத் தப்பாகலாம் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு 8,064 முறை கேள்வி கேட்டால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் எட்டு கட்டங்கள் தாமாக ஒளிரும். எத்தனை முறை கேட்டோம் என்பதைக் கழித்துத் திருத்தினால் ஒளிர்பவை பூஜ்யம். ஐன்ஸ்டைனின் நாலில் ஒரு துண்டுக்கும் இதே வைத்தியம் பொருந்தும். 2008-ல் முன்னணி மூளை இதழ்களில் வந்த ஸ்கேன் கட்டுரைகளில் 25 முதல் 40 சதவீதம் இந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை. பென்னெட் குழுவுக்கு 2012-ல் இக் நோபல் பரிசு கிடைத்தபோது அது 10 சதவீதத்துக்குள் வந்திருந்தது. பெரும் மானியம் வாங்கிய ஆய்வுகள் பல செய்யாத உபகாரத்தை ஒரு மீன் செய்தது.

ஒரு நாளைக்கு 60,000 எண்ணங்கள் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகம் 2020-ல் 184 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து, நிமிடத்துக்கு சராசரியாக ஆறரை எண்ணமாற்றம், விழித்திருக்கும் நேரத்துக்குச் சுமார் 6,200 என்று கணக்கிட்டது. பேச்சாளர்கள் ஒரு பூஜ்யம் கூட்டிக்கொண்டார்கள்.

மண்டை மேட்டைத் தடவிக் குணம் சொன்ன வியன்னா மருத்துவர் பிரான்ஸ் கால், மூளையில் 27 உறுப்புகள் இருப்பதாக வகுத்தார். அமெரிக்காவின் ஹென்றி லேவரி 1931-ல் அதை இயந்திரமாக்கி 32 குணங்களாக்கினார். தலையில் கவிழ்க்கும் கூடையில் 1,954 பாகங்கள். அச்சடித்த சீட்டில் மார்க் வரும். 33 கருவிகள் செய்து, 2,000 டாலர் முன்பணம், மாதம் 35 டாலர் என்று வாடகைக்கு விட்டார்கள். 1934 சிகாகோ கண்காட்சியில் கடை போட்ட இருவர் 2 லட்சம் டாலர் சம்பாதித்தார்கள்.

நம் ஊரில் மண்டை விரலுக்கு இறங்கிவிட்டது. பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து, பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று அறிக்கை தரும் பரிசோதனை தமிழ்நாட்டிலும் நடக்கிறது. கருவில் ரேகையும் மூளையும் ஒரே காலத்தில் உருவாகின்றன, ஆகவே ரேகை மூளையைக் காட்டும் என்பது வாதம். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் சொல்லிவிட்டது. இன்னொரு வகுப்பு, நடுமூளையைத் திறந்து கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைப்பது. நடுமூளை இரண்டு சென்டிமீட்டர் அளவு; கண் அசைவை நடத்துவது அதன் வேலைகளில் ஒன்று. பிறந்ததிலிருந்தே திறந்துதான் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பது மூக்கோரத்து இடுக்கு வழியாக என்று மங்களூரு பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் மேடை மேடையாகக் காட்டினார்.

ரேகை உருவாகும் அந்தக் கருவின் காலத்து மூளையை நிஜமாகவே பார்த்தவர்களும் சென்னையில் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 14 முதல் 24 வாரக் கருக்களின் ஐந்து மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, செல் தெரியும் நுணுக்கத்தில் 5,132 படங்களாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. தரணி என்று பெயர். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தலைகள் ஐந்துதான், ஆனால் ஐந்து என்று சொல்லித்தான் தருகிறார்கள்.

வரவுப் பக்கத்தில் பணம் திரும்பி வந்த இனங்கள் குறைவு. பேபி ஐன்ஸ்டைன் என்ற குழந்தை வீடியோக்களை விற்ற டிஸ்னி, வழக்கு வரும் என்ற அழுத்தத்துக்குப் பின் 2009-ல், தட்டுக்கு 15.99 டாலர் வீதம், வீட்டுக்கு அதிகபட்சம் நாலு தட்டுக்குப் பணம் தருவதாக அறிவித்தது, ஆக 63.96 டாலர். மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டியின் விளம்பரம் ஏமாற்று என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-ல் சமரசமானபோது தீர்ப்புத் தொகை 5 கோடி டாலர். நிறுவனத்தின் நிதி நிலையைக் கருதி 20 லட்சம் கட்டினால் போதும் என்று விட்டார்கள்: நூற்றுக்கு நாலு.