எண்ணூர்க் கடலில் எண்ணெய் குழம்பான கதை

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதின. கடலில் கொட்டிய கரிய எரிபொருள் எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர்க் கரையின் பாறைகளுக்கிடையே வந்து தேங்கியது. சூப்பர் சக்கர் லாரிகளால் அதைச் சரிவர உறிஞ்ச முடியவில்லை. மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர் மின்சுமையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர் மின்சுமையும் இருக்கும். ஆகவே நீர் முனைவுள்ள பொருள். எண்ணெயின் கார்பன் சங்கிலிகளில் அந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு; அது முனைவற்றது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் எண்ணெய் இடையே நுழைய முடிவதில்லை. மாறாக, உப்பை நீர் சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரித்துச் சூழ்ந்துகொள்ளும். அதனால் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் எண்ணெய் கரைவது இன்னும் குறைவு.

அப்படியானால் எண்ணெய் தனியே மிதந்திருக்க வேண்டுமே? அலைகள் விடவில்லை. அவை நீரை நுண்துளிகளாக எண்ணெய்க்குள் புகுத்தின. கனமான கப்பல் எரிபொருளில் உள்ள அஸ்பால்டீன் என்னும் பெரிய மூலக்கூறுகள் துளிகளைச் சுற்றிப் படலமாகப் படிந்து, அவை ஒன்றுசேராமல் தடுக்கும். இப்படி ஒரு திரவம் மற்றொன்றுக்குள் துளிகளாகத் தங்குவதே பால்மம். பாலில் நீருக்குள் கொழுப்பு; வெண்ணெயில் கொழுப்புக்குள் நீர். எண்ணூரில் உருவானது வெண்ணெய் வகை. இத்தகைய குழம்பில் முக்கால் பங்குவரை நீரே இருக்கக்கூடும். அப்போது ஒரு வாளி எண்ணெய் நான்கு வாளியாகப் பெருகும், பல மடங்கு கெட்டிப்படும். உறிஞ்சு குழாய்கள் திணறுவதும் அள்ள அள்ளக் குறையாததும் அதனால்தான்.

எண்ணூர் மீண்டும் எண்ணெயில் சிக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அங்கே அது அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது.

இப்படிப் படிந்த எண்ணெயைச் சோப்பால் கழுவ முடியாதா? சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றும். ஆனால் கடல்நீரின் கால்சியம், மக்னீசியம் அயனிகள் சாதாரண சோப்பைத் திரித்துவிடும். அவற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் செயற்கைச் சிதறடிப்பான்கள் உண்டு. குழம்பு கெட்டிப்பட்டபின் அவையும் எளிதில் பலிக்காது. பலித்தாலும் எண்ணெய் மறைவதில்லை, நுண்துளிகளாகக் கீழே பரவும். இறாலும் மீன்குஞ்சும் வளரும் ஆழமற்ற கழிமுகத்தில் எண்ணெயை அள்ளி அகற்றுவதே மேல்.