குமாஸ்தாக்களைக் கட்டிப்போட்ட கண்ணிவெடி ஆட்டம்!

பம்பாய்த் தமிழர்களில் ஒரு பெரும் கூட்டம் டைப்ரைட்டரை நம்பிப் பிழைத்த காலம் உண்டு. டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் என்று இரண்டு சர்டிபிகேட்டுகளை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு தாதரில் வந்து இறங்குவார்கள். மாட்டுங்காவில் சொந்தக்காரர் வீட்டில் பாய் விரிக்க இடம் கிடைக்கும். சில வாரங்களில் கோட்டைப் பகுதியில் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்துவிடும்.

அந்த விரல்களுக்கு 1990-களில் சோதனை வந்தது. கம்ப்யூட்டர்!

வங்கிகளிலாவது தொழிற்சங்கங்களோடு பேசி 1983-லும் 1993-லும் ஒப்பந்தம் போட்டார்கள். தனியார் கம்பெனிகளில் பேச்சும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் மேஜையில் டைப்ரைட்டர் இருக்காது. கண்ணாடித் திரையுடன் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். கற்றுக்கொண்டவருக்கு நாற்காலி. மற்றவருக்குக் கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

எழுத்துப் பலகை பழகியதுதான். பயமுறுத்தியது மௌஸ். இருபது வருடம் பார்க்காமலே தட்டிப் பழகிய கை, அந்தச் சின்னக் கட்டியைப் பிடித்ததும் நடுங்கியது. அம்பு ஒரு பக்கம் ஓடும். கை ஒரு பக்கம் ஓடும். இடது பொத்தானை அமுக்க வேண்டிய இடத்தில் வலது பொத்தானை அமுக்கிவிட்டு, என்ன ஆகுமோ என்று மானேஜரின் அறையைப் பார்ப்பார்கள்.

“சார், ஃபைலை விடுங்க. முதல்ல இதை விளையாடுங்க. கை தானா வந்துடும்” என்று சொல்லிக்கொடுக்க வந்த பையன் திறந்து காட்டியதுதான் மைன்ஸ்வீப்பர்.

ஆட்டம் என்ன?

ராபர்ட் டானர், கர்ட் ஜான்சன் என்ற இரண்டு மைக்ரோசாப்ட் ஊழியர்கள் உருவாக்கிய இந்த ஆட்டம் 1990-ல் தனியாக விற்ற விளையாட்டுத் தொகுப்பு ஒன்றில் வெளிவந்தது. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லேயே சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். காசு கொடுக்காமல் ஆபீஸ் மேஜைக்கே வந்து சேர்ந்துவிட்டது!

திரையில் சாம்பல் நிறக் கட்டங்கள். சிலவற்றின் அடியில் குண்டு. குண்டு இல்லாத கட்டத்தைத் திறந்தால் ஓர் எண் தெரியும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை குண்டு என்று அந்த எண் சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது ஆடுபவர் பாடு. பத்திரமான கட்டத்தை இடது பொத்தானால் திறக்க வேண்டும். குண்டு இருக்கும் கட்டத்தில் வலது பொத்தானால் கொடி நட வேண்டும். இரண்டு பொத்தான்களையும் பழக்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆரம்ப நிலையில் அன்று 64 கட்டங்கள், 10 குண்டுகள். நடுத்தர நிலையில் 256 கட்டங்கள், 40 குண்டுகள். கடைசி நிலையில் 480 கட்டங்கள், 99 குண்டுகள். அதாவது ஏறக்குறைய ஐந்து கட்டத்துக்கு ஒரு குண்டு. மேலே ஒரு மஞ்சள் முகம். கட்டத்தை அமுக்கும்போது வாயைப் பிளக்கும்; ஜெயித்தால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளும்; குண்டு வெடித்தால் கண் செருகிவிடும். பக்கத்தில் வினாடிக் கணக்கு 999 வரை ஓடும்.

முதல் தட்டில் மட்டும் குண்டு வெடிக்காது. அங்கே குண்டு இருந்தாலும் கம்ப்யூட்டரே வேறு இடத்துக்கு மாற்றிவிடும். புதிதாகக் குடிவந்தவனிடம் வீட்டுக்காரர் காட்டும் முதல் மாதத்து மரியாதை மாதிரி!

ஒன்று, இரண்டு, ஒன்று

சில நாள் ஆடியவர்களுக்கு எண்கள் பேச ஆரம்பிக்கும். உதாரணமாக, திறக்காத கட்டங்களின் நேர் விளிம்பை ஒட்டி 1, 2, 1 என்று மூன்று எண்கள் வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 2-க்கு நேர் எதிரே குண்டு இருக்க முடியுமா? இருந்தால் அது இரண்டு பக்கத்து ஒன்றுகளின் கணக்கையும் தீர்த்துவிடும். அப்புறம் 2-க்கு வேண்டிய இன்னொரு குண்டுக்கு இடமே இல்லை. ஆகவே 2-க்கு நேர் எதிரே பத்திரம். ஒன்றுகளுக்கு நேர் எதிரே குண்டு. கண்ணை மூடிக்கொண்டு கொடி நடலாம்.

கணக்கு எழுதியே பிழைத்தவர்களை இந்த இடம்தான் கவர்ந்தது. டிரயல் பேலன்சில் இடிக்கும் ஒன்பது ரூபாயைத் தேடும் அதே புத்திதான் இங்கேயும் வேண்டும். ஆனால் பேலன்ஸ் ஷீட்டை முடித்தால் யாரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிச் சிரிப்பதில்லை.

ஊரில் திண்ணையில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்துக்கு எதிராளி வேண்டும். பல்லாங்குழிக்கும் வேண்டும். இதற்கு யாரும் வேண்டாம். அதுவே வினையாயிற்று.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். அங்கே டைப்பிஸ்டாக இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு அப்போது வயது 46. வேலை போய்விடக் கூடாது என்றுதான் ஆட்டத்தைத் தொட்டார். இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது; வேலையும் நிலைத்தது. ஆனால் ஆட்டம் விடவில்லை. செம்பூருக்கு ஆறு மணி வண்டியில் போகிறவர் ஏழு மணி வண்டிக்கு மாறினார், அப்புறம் எட்டு. “ஏங்க, ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலை?” என்று மனைவி கேட்டால், “கம்ப்யூட்டர் வேலை” என்பார். பொய்யில்லை!

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஊரில் மளிகைக் கடை போனுக்கு அவருடைய தாயார் வந்து நிற்பது வழக்கம். ஒரு சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. 99 குண்டு ஆட்டத்தில் இரண்டு கட்டம் பாக்கி என்ற நிலையில் மூன்று முறை வெடித்துவிட்டது. நான்காவது முறை ஜெயித்துவிட்டு மணியைப் பார்த்தால் ஒன்பதே கால். அங்கே கிழவி ஒரு மணி நேரம் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டு, “மவனுக்கு என்னமோ ஆயிட்டுது போலிருக்கு” என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் இவர் எஸ்.டி.டி. பூத்தில் நின்றார். அம்மாவிடம் என்ன காரணம் சொன்னார் என்பதை அவர் இன்றுவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த இரண்டு கட்டம் பாக்கி என்பதுதான் இந்த ஆட்டத்தின் கொடுமை. எல்லா எண்களையும் கூட்டிக் கழித்து முடித்தபின், மூலையில் இரண்டு கட்டங்கள் நிற்கும். ஒன்றில் குண்டு, ஒன்றில் இல்லை. எது என்று சொல்ல எந்த எண்ணும் இருக்காது. நூறு கணக்கைச் சரியாகப் போட்டவனும் கடைசியில் காசைச் சுண்டித்தான் பார்க்க வேண்டும். தோற்றவன் தன் புத்தியைக் குறை சொல்ல முடியாமல் உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவான். கோபத்தில்தான் பழக்கம் வேர்விடுகிறது.

பெரிய இடத்திலும்...

சிக்கியவர்கள் குமாஸ்தாக்கள் மட்டுமல்ல. மைக்ரோசாப்ட் தலைவராக இருந்த பில் கேட்ஸே தம் கம்ப்யூட்டரிலிருந்து ஆட்டத்தை நீக்கிவிட்டு, பிறகு இன்னொரு அதிகாரியின் அறைக்குப் போய் ஆடினார் என்பது பிரசித்தமான கதை. முதலாளி ஆடினால் கதை. சிப்பந்தி ஆடினால் குற்றம். 2006-ல் நியூயார்க் நகராட்சி ஊழியர் ஒருவரின் திரையில் சீட்டாட்டம் இருந்ததை மேயர் மைக்கேல் புளூம்பெர்க் பார்த்துவிட்டார். ஊழியருக்கு வேலை போயிற்று.

மைன்ஸ்வீப்பரில் காட்டிக்கொடுக்கும் சங்கதி ஒன்று உள்ளேயே இருந்தது. குறைந்த நேரத்தில் முடித்தவர் பெயரைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். பெருமைக்காகச் சொந்தப் பெயரையே தட்டியவர்கள் உண்டு. மானேஜர் திறந்து பார்த்தால் வாக்குமூலம் தயார்! திருட்டு வழியும் இருந்தது. எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய் என்று தட்டி, ஷிப்ட் விசையோடு என்டரை அமுக்கினால், திரையின் இடது மேல் மூலையில் கடுகிலும் சிறிய புள்ளி தோன்றும். அம்பு நிற்கும் கட்டத்தில் குண்டு இருந்தால் புள்ளி கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. தெரிந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் ஆட்டம் கசந்துவிட்டது.

கணிதப் பேராசிரியர்களும் இதை விடவில்லை. பாதி திறந்த பலகையைக் கொடுத்து, அதிலுள்ள எண்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் குண்டுகளை வைக்க முடியுமா என்று கேட்டால், பலகை பெரிதாகப் பெரிதாக அந்தக் கேள்வி கணிப்பொறி இயலின் மிகக் கடினமான கேள்விகளின் வகையில் சேர்ந்துவிடும். இதை 2000-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கே நிரூபித்தார். அந்த வகைக் கேள்விகளுக்கெல்லாம் விரைவான வழி உண்டா, இல்லையா என்று தீர்த்துவைப்பவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் அதே வருடம் அறிவித்த பரிசு 10 லட்சம் டாலர். அது இன்னும் யாருக்கும் போகவில்லை. செம்பூர்க்காரர் தம்மை மூளை மழுங்கியவர் என்று நினைத்துக்கொண்டது அநியாயம்!

நிஜமான கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் இருக்கும் உலகில் இது என்ன விளையாட்டு என்று இத்தாலியில் சிலர் எதிர்ப்பு இயக்கம் நடத்தினார்கள். நியாயமான கேள்விதான். 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் குண்டுக்குப் பதில் பூ வைத்து ஆடவும் வசதி செய்தார்கள். பூவை மிதித்தாலும் தோல்விதான்.

2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஆட்டம் கூட வரவில்லை. வேண்டியவர் தனியாக இறக்கிக்கொள்ளலாம். ஆபீஸ்களும் பூட்டுப் போட்டுவிட்டன. அதனாலென்ன? செல்போனில் வந்துவிட்டது. காசைச் சுண்ட வேண்டிய அவசியமே வராதபடி, கணக்கால் மட்டுமே முடிக்கக்கூடிய பலகைகளைத் தரும் ஆட்டங்களும் இருக்கின்றன. பழைய கைகள் அதைத் தொடுவதில்லை. உப்பில்லாத மோர் என்கிறார்கள்.

செல்போனில் இரண்டு பொத்தான் கிடையாது. லேசாகத் தட்டினால் கட்டம் திறக்கும். அழுத்திப் பிடித்தால் கொடி. வடாலாவரை நிதானமாக ஆடலாம். குர்லாவில் கூட்டம் ஏறி, பக்கத்து ஆளின் முழங்கை இடித்தால், கொடி நடப் போன விரல் தட்டிவிட்டு வந்துவிடும்.