சென்ட் பாட்டிலில் நம்ம பிச்சிப்பூ!

கணவர் போன பிறகு நான் தலையில் பூ வைப்பதில்லை; வைக்க விடவும் மாட்டார்கள். போன வருஷம் பாரீஸிலிருந்து வந்த மகள் 'ஷனேல் நம்பர் 5' சென்ட் வாங்கி வந்தாள். கோகோ ஷனேலுக்காக எர்னஸ்ட் போ என்பவர் 1921-ல் செய்தது. திறந்ததும் சோப்பு மாதிரி ஒரு வாசனை. ஆல்டிஹைடு சேர்ப்பதால் அப்படியாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரோஜாவும் மல்லியும் எழும்புகின்றன. தெற்கு பிரான்ஸில் கிராஸ் என்கிற ஊர்ப்பக்கம் விடியற்காலையில் கையால் பறிக்கிற மல்லி அது. விசாரித்தால், வேறொன்றுமில்லை, நம்ம பிச்சிப்பூவேதான்! 30 மில்லி பாட்டிலுக்கு சுமார் 1000 பூ என்கிறார்கள். அப்புறம் விலை சொல்லவா வேண்டும்? பூவுக்குத் தடை போட்ட சொந்தக்காரர்கள் சென்ட்டுக்கு வாயே திறக்கவில்லை. இப்போது கோயிலுக்குப் போனாலும் மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிக்கொள்கிறேன். ''பூ வாசம் வருதே, யாரு வச்சிருக்கா?'' என்று பக்கத்தில் நின்ற பெண் தேடினாள். நான் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி.