துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்து

உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளையின் இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. ஏற்ற உப்புநீரில் வைத்தால் மணிக்கணக்கில் துடிக்கும். துடிக்கச் சொல்லி மூளை ஆணையிட வேண்டியதில்லை. அந்தத் தாளம் இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது.

அந்த உப்புநீர் கிடைத்த விதமே சுவையானது. 1880களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், உப்பு கரைத்த நீரில் தவளை இதயம் அருமையாகத் துடிப்பதைப் பார்த்தார். காய்ச்சி வடித்த நீரில்தான் உப்பைக் கரைத்ததாக அவர் நினைத்திருந்தார். உதவியாளரோ குழாய் நீரை எடுத்திருந்தார்! வடித்த நீரில் செய்து பார்த்தபோது துடிப்பு மங்கி நின்றது. குழாய் நீரில் கலந்திருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. இன்றும் அந்தக் கரைசலுக்கு ரிங்கரின் பெயர்தான்.

தாளம் இதயத்துக்குச் சொந்தம் என்றால், தெருநாய் துரத்தும்போதும் தேர்வு அறை வாசலில் நிற்கும்போதும் நெஞ்சு படபடப்பது ஏன்? வேகத்தைக் கூட்டுபவை பரிவு நரம்புகள். இந்த நரம்பு நுனிக்கும் இதயத் தசைக்கும் நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது. நரம்பில் வரும் மின்செய்தி அதை எப்படித் தாண்டுகிறது? 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இதற்கு விடை கண்டார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டிவிட்டு, அதனுள் இருந்த உப்புநீரை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். முதல் இதயம் வேகம் குறைந்திருந்தால் இரண்டாவதும் குறைந்தது; முதலாவது வேகமெடுத்திருந்தால் இரண்டாவதும் வேகமெடுத்தது. அப்படியானால் நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது! பாலூட்டிகளின் பரிவு நரம்புகள் சுரப்பது நார்அட்ரினலின் என்பதை 1946இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் காட்டினார்.

இந்த வேதிப்பொருள் போய் அமர, தசைச் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அவை ஆல்பா, பீட்டா என இரண்டு வகை என்று 1948இல் அமெரிக்காவின் ரேமண்ட் அல்குவிஸ்ட் எழுதினார். இதயத்தை விரைவுபடுத்துபவை பீட்டா ஏற்பிகள். அந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக்.

இதய நெஞ்சுவலியால் தவிப்பவருக்கு இதயத்துக்குப் போகும் ரத்தத்தை எப்படிக் கூட்டுவது என்றே அப்போது பலரும் யோசித்தார்கள். இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று பிளாக் கேட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தக் கேள்விதான். 1958இல் அவர் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து, பீட்டா ஏற்பியை மறிக்கும் மருந்தைத் தேடத் தொடங்கினார்.

கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாக இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அவர் தேடிய மருந்தின் வேலையும் அதுதான். மருந்து ஏற்பியில் போய் அமரும். ஆனால் அதை இயக்காது. நார்அட்ரினலின் வந்து பார்த்தால் இடம் இருக்காது. கூட்டம் மிகவும் நெருக்கினால் துண்டை ஒதுக்கிவிட்டு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், இல்லையா? அப்படியே நார்அட்ரினலினை நிறையச் சேர்த்தால் மருந்தும் இடத்தைவிட்டு விலகும்.

முதலில் வந்த புரோநெத்தலால் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1964இல் புரோப்ரனோலால் வந்தது. பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்து நாம் நினைத்த இடத்தில்தான் வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது? முழு உடலில் அது கடினம். மூளை, சிறுநீரகம், ரத்தக் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குறுக்கிடும். ஆகவே கினிப்பன்றி இதயத்தின் மேலறையை மட்டும் நரம்போடு எடுத்து, கண்ணாடிக் கலத்தில் உப்புநீரில் தொங்கவிடுவார்கள். நீரில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கும். ஆக்சிஜன் குமிழ்கள் ஏறிக்கொண்டே இருக்கும். தசையில் கட்டிய நூல் ஒவ்வொரு துடிப்பையும் பதிவுக் கருவிக்குச் சொல்லும். முன்பெல்லாம் புகைக்கரி படிந்த உருளையில் ஒரு முள் அதைக் கோடாகக் கீறியது. இப்போது கணினி வரைகிறது.

நரம்பில் சிறு மின்துடிப்புகள் கொடுத்தால் இதயம் விரையும். கலத்தில் புரோப்ரனோலாலைக் கலந்துவிட்டு மறுபடி கொடுத்தால் விரையாது. மருந்து வெற்றி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஏற்பி மறிக்கப்பட்டிருக்கலாம், அல்லது நரம்பே செயலிழந்து எதையும் சுரக்காமல் இருக்கலாம். இரண்டாவது சந்தேகம் வீணானது அல்ல. அதிக அளவில் சேர்த்தால், பல் பிடுங்கும் முன் போடும் ஊசி செய்வதைப் போல, புரோப்ரனோலாலும் நரம்பை மரத்துப்போகச் செய்யும்.

எது காரணம் என்று அறிய, நரம்பை விட்டுவிட்டு, நார்அட்ரினலினை நேராகக் கலத்தில் சொட்டிப் பாருங்கள். இதயம் வழக்கம்போல வேகமெடுத்தால் ஏற்பிகள் காலியாக இருக்கின்றன, கோளாறு நரம்பில் என்று பொருள். வேகமெடுக்காவிட்டால் ஏற்பிகள்தான் மறிக்கப்பட்டிருக்கின்றன. குறைந்த அளவு புரோப்ரனோலாலில் நடப்பது இந்த ஏற்பி மறிப்புதான்.

இன்னும் அழகான சோதனை ஒன்று உண்டு. புரோப்ரனோலால் மூலக்கூறு இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் வரும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஏற்பிக்கு வடிவம் முக்கியம். அதை மறிப்பதில் இடக்கை வடிவம் வலக்கை வடிவத்தைவிட ஏறத்தாழ 100 மடங்கு வலியது. நரம்பை மரக்கச் செய்வதிலோ இரண்டும் சமம். ஆகவே ஒரு விளைவை இரு வடிவங்களும் ஒரே அளவில் உண்டாக்கினால், அதற்கும் பீட்டா ஏற்பிக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கலத்தில் இன்னொன்றையும் காணலாம். நரம்பைத் தூண்டாமல் குறைந்த அளவு மருந்தை மட்டும் சேர்த்தால் இதயம் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே துடிக்கும். அதன் சொந்தத் தாளத்தை மருந்து தொடுவதில்லை. நரம்பு கூட்டும் வேகத்தைத்தான் தடுக்கிறது. பின்னாளில், நரம்பு நுனியிலேயே பீட்டா ஏற்பிகள் இருப்பதும், அவை நார்அட்ரினலின் சுரப்பைச் சற்றுக் கூட்டுவதும் தெரியவந்தது. மருந்து அவற்றையும் மறிப்பதால் சுரப்பே கொஞ்சம் குறையலாம்.

இந்தச் சோதனைகளுக்காக உயிர்கள் பறிக்கப்பட்டன என்பதை மறைக்கக் கூடாது. அதனால்தான் ஒரு திசுவிடமிருந்து எவ்வளவு தெளிவான பதில் பெற முடியுமோ அவ்வளவையும் பெற்றுவிட வேண்டும் என்று நல்ல ஆய்வாளர்கள் கவனமாக இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ சாப்பிடும் மாத்திரை அட்டையில் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் இதே குடும்பம்தான். பல நாள் மறிக்கப்பட்ட இதயச் செல்கள் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி வைத்திருக்கும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் அத்தனையும் ஒரே நேரத்தில் இயங்கி இதயத்தைத் திணறடிக்கலாம். மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கலாம் என்று அவர்கள் தள்ளிப்போட்டால், இன்றே வாங்கச் சொல்லுங்கள்.