நோயறி கருவிகள் (தொடர் – 11): செங்கற்பட்டு ஆய்வு எதைக் கண்டது?

கேளம்பாக்கத்து உப்பளங்களிலிருந்து திருவள்ளூர் ஏரிக்கரைகள் வரை சென்னையைச் சுற்றிப் பரந்திருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பின்னும், அதன் பெயர் உலக மருத்துவ நூல்களில் அழியாமல் நிற்கிறது. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி உண்மையில் எவ்வளவு காப்பளிக்கிறது என்பதை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையுடனும் சேர்ந்து, 1968-இல் அம்மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய பெரும் ஆய்வே அதற்குக் காரணம். பதிவு செய்யப்பட்ட 3,66,625 பேரில் 2,81,161 பேருக்கு, குலுக்கல் முறையில், பி.சி.ஜி.யின் இரு அளவுகளில் ஒன்றோ, மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது.

தடுப்பூசியைச் சோதித்த ஆய்வாகவே இது பேசப்படுகிறது. ஆனால் அதன் முடிவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஊசியைவிட அங்கே பயன்பட்ட மூன்று நோயறி முறைகளையே முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது டியூபர்குலின் சோதனை. காசக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைச் சிறிதளவு முன்கையின் தோலுக்குள் செலுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்து அவ்விடத்தில் எழும் தடிப்பின் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பது இதன் முறை. சிவந்திருப்பது கணக்கில் வராது, விரலால் தடவி உணரக்கூடிய தடிப்பு மட்டுமே அளக்கப்படும் என்பதால், அளப்பவரின் விரலும் இக்கருவியின் ஓர் உறுப்பே ஆகிறது. இச்சோதனை கிருமி உடலுக்குள் ஒருகாலத்தில் புகுந்ததா என்பதைக் காட்டுமேயன்றி, நோய் இருக்கிறதா என்பதைக் காட்டாது. செங்கற்பட்டில் தடிப்பு 7 மில்லிமீட்டருக்கு மேற்படாதவர்களும், 10 வயதைக் கடந்திருந்தால் மார்பு எக்ஸ்ரேயும் சீராக இருந்தவர்களுமான 1,09,873 பேர், கிருமி தீண்டாதவர்கள் எனக் கொள்ளப்பட்டு, ஆய்வின் மையக் கணக்கில் சேர்க்கப்பட்டனர்.

இரண்டாவது எக்ஸ்ரே. பிரேசில் நாட்டு மருத்துவர் மானுவல் தெ அப்ரூ 1936-இல் வகுத்த சிறுபட முறை, ஒளிரும் திரையில் விழும் மார்பின் நிழலைச் சிறிய படச்சுருளில் பதிவதால், ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கானோரைப் படமெடுப்பதை இயலச் செய்தது. எனினும் நிழல் வேறு, நோய் வேறு. பழைய தழும்பும் பிற நுரையீரல் நோய்களும் அதே நிழலைத் தரக்கூடும். 1940-களில் அமெரிக்காவில் யெருஷால்மி முதலானோர் நடத்திய ஆய்வுகள், ஒரே படத்தை மறுமுறை பார்க்கும் அதே மருத்துவரே தம் முடிவை மாற்றிக்கொள்வதுண்டு என்பதைக் காட்டியிருந்தன.

ஆகவே இறுதிச் சொல் மூன்றாவதான சளிச் சோதனைக்கு விடப்பட்டது. நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் பல்லாயிரம் கிருமிகள் இருந்தாக வேண்டும். சளியை ஊடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்தெடுக்கும் வளர்ப்புச் சோதனைக்கு நூறே போதும், ஆனால் விடைக்கு எட்டு வாரம் வரை காத்திருக்க நேரும்.

பதினைந்தாண்டுக் கண்காணிப்பில், அந்த மையக் குழுவில் 560 பேருக்குக் காசநோய் கண்டது: கூடிய அளவு பி.சி.ஜி. பெற்றோரில் 189, குறைந்த அளவு பெற்றோரில் 191, வெற்று ஊசி பெற்றோரில் 180. பெரியவர்களின் நுரையீரல் காசத்துக்கு எதிராக ஊசி எந்தக் காப்பும் தரவில்லை என்பதை இவ்வெண்கள் ஐயத்துக்கு இடமின்றிக் கூறின. மண்ணிலும் நீரிலும் வாழும், காசக் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்கள் இப்பகுதி மக்களின் உடலை முன்பே பழக்கியிருந்ததால் ஊசியின் பயன் மறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அவ்வகை உயிரி ஒன்றிலிருந்து தயாரித்த வேறொரு டியூபர்குலினுக்கு இங்குள்ளோரில் மிகப் பலரின் தோல் தடித்தது அதற்கு வலுச் சேர்த்தது.

இதிலிருந்து பி.சி.ஜி.யே வீண் என்று சிலர் முடிவுகட்டியது பெரும் பிழை. மார்பு நிழலையும் சளியையும் கொண்டு தேடிய ஆய்வு, சளியை உமிழத் தெரியாத கைக்குழந்தையின் நோயை எப்படிக் கண்டிருக்கும்? மூளை உறையைத் தாக்கும் காசமும், இரத்தத்தின் வழியே உடலெங்கும் தினையளவு புள்ளிகளாகப் பரவும் காசமும் குழந்தைகளை விரைந்து கொல்பவை. அவற்றைச் சளிச் சோதனை பெரும்பாலும் காட்டாது. அவற்றிலிருந்து பி.சி.ஜி. கணிசமாகக் காக்கிறது என்பதை வேறு நாடுகளில், வேறு முறையில் நடந்த ஆய்வுகளே நிறுவின. செங்கற்பட்டு ஆய்வு தன் கேள்விக்கு நேர்மையாகவே விடை சொன்னது. கேட்கப்படாத கேள்விக்கும் அதையே விடையாகக் கொண்டவர்கள்தான் தவறினர்.

கேளம்பாக்கத்தில் இன்று பிறக்கும் குழந்தையின் இடது மேற்கையிலும், தேசியத் தடுப்பூசி அட்டவணையின்படி, 0.05 மில்லிலிட்டர் பி.சி.ஜி. போடப்படுவது அக்குழந்தைக் காசங்களைக் கருதியே.

(தொடரும்)