நர்சிங் பட்டம்: செலவு யாருடையது, சான்றிதழ் எதற்குச் செல்லும்?

நர்சிங் பட்டப்படிப்பில் பெரும் செலவு வகுப்பறைக்கு அல்ல, மருத்துவமனைக்கே ஆகிறது. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் மாணவி பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம் என வார்டு வார்டாக நோயாளிகளைக் கவனித்துப் பழக வேண்டும். அதற்குப் படுக்கைகள் நிரம்பிய மருத்துவமனையும் தகுதியுள்ள ஆசிரியர்களும் தேவை. இந்தச் செலவை அரசு ஏற்கலாம் அல்லது குடும்பம் ஏற்கலாம். இருவரும் ஏற்காத இடத்தில் படிப்பு பெயரளவில்தான் நடக்கும்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனாலும் அதன் மருத்துவப் படிப்புகளுக்குத் தனியார் கல்லூரிக்கு இணையான கட்டணமே நீடித்தது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய் கட்டினார்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டம் 50 நாட்களைத் தாண்டி நடந்தது. 2021 ஜனவரி இறுதியில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி ஆகியவற்றை அரசு சுகாதாரத் துறையின்கீழ் கொண்டுவந்தது. பின்னர் அரசுக் கல்லூரிக் கட்டணமே இங்கும் நடைமுறைக்கு வந்தது. செலவு குறைந்துவிடவில்லை, குடும்பத்தின் தோளிலிருந்து அரசுக் கருவூலத்துக்கு மாறியது. அதுவே நியாயம். இங்கே படித்து வரும் செவிலியர்களின் சேவை மக்களுக்கே போய்ச் சேர்கிறது.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 செவிலியர் கல்லூரிகள் தொடங்க 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. கல்லூரி ஒன்றுக்கு 10 கோடி. தமிழ்நாட்டுக்கு 11 கல்லூரிகள். மருத்துவமனை ஏற்கெனவே இருக்கும் இடத்திலேயே இவ்வளவு தொகை தேவைப்படுகிறது.

‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரும் குழப்பம் தரும். அமெரிக்காவில் புளோரிடா போன்ற மாநிலங்களில் சமுதாயக் கல்லூரிகளே நர்சிங் பட்டம் வழங்குகின்றன. தமிழ்நாட்டுச் சமுதாயக் கல்லூரி வேறு வகையானது. தொழிற்பயிற்சிக்கான சான்றிதழும் பட்டயமும்தான் அங்கே கிடைக்கும். உடல்நல உதவியாளர், செவிலிய உதவியாளர் போன்ற குறுகிய காலப் படிப்புகள் உதவியாளர் வேலைக்குப் பயன்படலாம். ஆனால் அவற்றை முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் செவிலியராகப் பதிவு பெற முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் அரசுச் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. ‘நர்சிங்’ என்று பெயர்ப்பலகையில் எழுதி, இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கட்டணம் வாங்குவதில்தான் ஏமாற்று இருக்கிறது. கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைக்கும் குடும்பம் கட்டிய பணத்தை மட்டுமல்ல, திரும்பக் கிடைக்காத ஆண்டுகளையும் இழக்கிறது.

பி.எஸ்சி. நர்சிங்கில் சேர பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் இந்த நான்காண்டுப் பட்டத்தைப் பெற முடியாது. கல்லூரிக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் மாநிலக் குழுமத்தின் அங்கீகாரமும் உண்டா என்பதை, கல்லூரி காட்டும் நகலை நம்பாமல், அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே பார்க்க வேண்டும். எந்த மருத்துவமனையில் பயிற்சி என்பதையும் கேட்டு, முடிந்தால் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான கல்வி உதவித்தொகை தனி.

கட்டும் பணத்துக்கெல்லாம் ரசீது வாங்க வேண்டும். நிர்ணயித்ததற்கு மேல் வசூலிப்பதைத் தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டு நன்கொடைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. பாக்கிக்கு ஈடாக அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது.

அங்கீகாரம் இருப்பதாகப் பொய் சொல்லிச் சேர்த்திருந்தால் காவல்துறையில் மோசடிப் புகார் கொடுக்கலாம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் மாறுபட்டாலும், அங்கீகாரமற்ற பல் மருத்துவக் கல்லூரி ஒன்று மாணவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதிசெய்தது. எனவே இத்தகைய மோசடிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதில் தயக்கம் வேண்டாம். புகாருக்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதும் தடையாகாது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம்; அதற்கான தொலைபேசி எண் 15100.