பிரேக்கையும் பழக்க வேண்டும்

புதுத் தோசைக்கல்லில் எடுத்த எடுப்பிலேயே யாரும் தோசை வார்ப்பதில்லை. எண்ணெய் தடவி, காயவைத்து, ஆறவிட்டு, மறுபடி காயவைத்துப் பழக்கிய பிறகுதான் மாவை ஊற்றுகிறோம். பெரும்பாலான கார்களின் பிரேக் டிஸ்க்கும் வார்ப்பிரும்புதான். ஆனால் புது டிஸ்க்கும் பேடும் மாட்டிய கையோடு பில்லைக் கட்டிவிட்டு நேரே நெரிசலுக்குள் வண்டியை இறக்கிவிடுகிறோம். பேடைப் பழக்குவது விருப்பப்பட்டால் செய்துகொள்ளும் வேலை அல்ல. அதைச் செய்யாதவரை மாட்டிய வேலை முடிந்ததாகாது.

ஏன் என்பதற்கு வெப்பமே விடை. 1,000 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் வெப்பம் ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் பெரும்பகுதியைத் தாங்குபவை டிஸ்க்குகளும் உள்ளங்கை அகலப் பேடுகளும்தான். பேடில் உள்ள நார்களையும் உலோகத் தூளையும் பிணைத்திருப்பது ஒரு வகைப் பிசின். முதன்முதலாகக் கடுமையாகச் சூடேறும்போது பிசினிலிருந்து வாயு கிளம்பி, பேடின் பிடியைக் குறைத்துவிடக்கூடும். அது நெடுஞ்சாலையில் திடீரென மாடு குறுக்கே வரும் நேரமாக இருக்கக் கூடாது. படிப்படியாகச் சூடேற்றினால் அந்த வாயு ஆபத்தில்லாமல் வெளியேறும். பேடின் பொருளும் சில மைக்ரான் தடிமனுக்கு டிஸ்க்கில் சீராகப் படியும். பிறகு பேட் உரசுவது வெறும் இரும்பில் அல்ல, தன் சொந்தப் படலத்தில். சீரான பிடி அங்கிருந்துதான் வருகிறது.

அந்தப் படலம் திட்டுத்திட்டாகப் படிந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். உடனே “டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்று லேத்துக்கு அனுப்புவார்கள். பல சமயம் டிஸ்க் வளைந்திருக்காது. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நின்றபோது பதிந்த தடமாகவும் இருக்கலாம். பந்தயக் கார் பொறியாளர் கேரல் ஸ்மித் இந்தத் தவறான முடிவைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

“ஓட்ட ஓட்டத் தானாகப் படியாதா?” என்று கேட்கலாம். படியும், சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் நன்றாகவே படியலாம். ஆனால் அதற்குள் ஒரு சடன் பிரேக்கூட வராது என்று யார் உறுதி தருவது? “தொழிற்சாலையிலேயே சுட்டுத்தானே அனுப்புகிறார்கள்?” என்பது அடுத்த கேள்வி. சில பேடுகள் அப்படி வருகின்றன. ஆனாலும் உங்கள் டிஸ்க்கில் படலம் உங்கள் வண்டியில்தான் படிந்தாக வேண்டும். “நம் ஊரில் காலிச் சாலைக்கு எங்கே போவது?” என்பதுதான் நியாயமான தடை. விடியற்காலைப் புறவழிச்சாலை கைகொடுக்கும். அதுவும் வாய்க்காவிட்டால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அதிக இடைவெளி விட்டு மெல்ல ஓட்டுவதே வழி.

பேட் பெட்டியில் செய்முறை அச்சிட்டிருந்தால் அதுவே முதல் விதி. இல்லாவிட்டால், கிளம்பும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பாருங்கள். பின்னால் வண்டி வராத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். அரை நிமிட இடைவெளியில் பத்து முறை இப்படிச் செய்தபின், பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். இத்தனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகாது.